நேரே பார்த்த ஆடு

வாசலில் வைத்த செம்பருத்திச் செடியை ஆடு மேய்வதைக் கண்டு, ஓசைப்படாமல் பின்னால் போய் அதைப் பிடித்துவிடலாம் என்று நீங்கள் என்றாவது முயன்றதுண்டா? நான் முயன்றிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜயித்ததில்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போவோம். அதுவோ தலையைக்கூடத் திருப்பாமல் கடைசித் தளிரையும் கடித்துக்கொண்டிருக்கும். நம் கை எட்டுவதற்கு ஒரு சாண் பாக்கி இருக்கும்போது ஒரே துள்ளாகத் துள்ளித் தெருவுக்குப் போய்விடும். ஆட்டின் சாமர்த்தியம் என்று நாம் நினைக்கிறோம். சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கண் இருக்கும் இடம் அப்படி. தலையின் இரு பக்கங்களிலும் புடைத்துக்கொண்டு, படுக்கை வாட்டில் நீண்ட கருமணியோடு இருக்கும் அந்தக் கண்களுக்கு முன்னால் இருக்கும் செடியும் தெரியும், பின்னால் வரும் நாமும் தெரிவோம்.

மான், முயல், மாடு, குதிரை என்று பிறருக்கு இரையாகக்கூடிய பிராணிகள் பலவற்றுக்கும் இப்படித்தான். புலி, பூனை, ஆந்தை போலப் பிறரைத் தின்கிறவற்றுக்குக் கண்கள் முகத்தின் முன்பக்கம். இரையைக் குறி பார்த்து, தூரத்தைக் கணக்கிட்டுப் பாய வேண்டுமல்லவா? நமக்கும் கண் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, அடுப்பில் பால், கூடத்தில் குழந்தை, மொட்டை மாடியில் வடாம், வாசலில் தபால்காரர் என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளைக் கேட்டால், எனக்கு முன்னால் இருப்பது புலிக் கண் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சமீபத்தில் நேர் எதிரான ஒன்றைப் பார்த்தேன். ஆடுதான், ஆனால் மனுஷர் முகம்போல இரண்டு கண்களும் முன்னோக்கி இருந்த ஆடு. உயிரோடு பார்க்கவில்லை, அது பூண்டற்றுப் போய் நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன் எலும்பைப் பார்த்தேன். ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த மயோர்க்கா என்ற தீவில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் என் பெண்ணுமாக நின்றுகொண்டு, அந்த ஆட்டை நடுவில் வைத்துச் சண்டை போட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெண் பார்ஸிலோனாவில் பழைய எலும்புகளை ஆராய்ச்சி செய்கிறாள். உயிரோடு இருக்கிற ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பாக இருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ளச் சௌகரியமாக இருந்திருக்கும். "எலும்பு டாக்டரா?" என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். நாலு வருஷமாக அங்கே இருக்கிறாள். வயது இருபத்தொன்பது. இந்த வருஷம் வசந்த காலத்தில், "ஒரு மாசம் வந்து இரேன் அம்மா" என்று டிக்கெட் அனுப்பினாள். அவள் அப்பாவுக்கு சாம்பார்ப் பொடி, ரசப் பொடி எல்லாம் டப்பாவில் அடைத்து, டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டு நான் புறப்பட்டேன். பெண்ணைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் கைப்பையில் ஒரு ஜாதகமும் இருந்தது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

போன முதல் வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். தலையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள் என்று கை இறங்கியது. இடது பக்கக் காறை எலும்பின்மேல் ஒரு முண்டு தட்டுப்பட்டது. பெற்று வளர்த்த உடம்பு. எனக்குத் தெரியாத முண்டு எப்படி வரும்?

"இது என்னடி?"

"ஒன்றும் இல்லை அம்மா. பழசு."

பழசுதான். இரண்டு வருஷம் முன்பு, குகை ஒன்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கிப் பாறையில் மோதி, எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ஆறு வாரமும் வாரத்துக்கு இரண்டு தரம் என்னோடு டெலிபோனில் முகம் காட்டிப் பேசியிருக்கிறாள், கழுத்துக்குக் கீழே தெரியாமல்! "சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்து நின்றிருப்பாய். என்னையும் அழைத்துக்கொண்டு போயிருப்பாய்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாயிற்று. இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "வா, உனக்கு ஓர் ஆட்டைக் காட்டுகிறேன்" என்று ராத்திரிக் கப்பலில் ஏற்றி மயோர்க்காவுக்கு அழைத்துப் போனாள்.

பால்மா நகரத்தில் இறங்கி, ஸோயெர் என்ற ஊருக்கு ரயில் ஏறினோம். 1912-ஆம் வருஷம் போட்ட சின்ன ரயில்; பெட்டிகள் எல்லாம் மரம். இருபத்தேழு கிலோமீட்டருக்குள் பதின்மூன்று குகை வழிகள். மலையைக் குடைந்துகொண்டு போய், ஒரேயடியாகப் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே நம்மைக் கொண்டு விடுகிறது. ரயில் இருட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் கை தானாகப் பக்கத்துப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அவள் ஜன்னல் வழியாக முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஸோயெரில் இயற்கை விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலை ஒன்று இருக்கிறது. அங்கேதான் அந்த ஆடு. முதலில் பார்த்தபோது, "இதற்கா கப்பல் ஏறி வந்தோம்?" என்று இருந்தது. தோள் வரை உயரம் சுமார் 50 சென்டிமீட்டர்தான். நம் வீட்டு முக்காலி உயரம் இருக்கும். குட்டையான, கனத்த கால்கள். சின்னஞ்சிறு கொம்புகள். பிறகு நேர் எதிரே போய் நின்றேன். அப்பா! ஆடுகள் நம்மை எப்போதும் ஓரக் கண்ணால்தானே பார்க்கும்? இது நேருக்கு நேர் பார்த்தது. கண் இல்லை, குழிதான். இருந்தாலும் அப்படித்தான் தோன்றியது. கீழ்த் தாடையில் முன்பற்கள் வரிசையாக இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு, எலிப் பல்லைப்போல ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள்.

அந்தப் பல்லைப் பார்த்துத்தான் இதற்கு 'மயோட்ராகஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க பாஷையில் எலியாடு என்று அர்த்தமாம். வைத்தவர் ஒரு பெண்மணி என்று என் பெண் சொன்னதும்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆட்டைவிட எனக்கு அவர்தான் மனசில் நிற்கிறார்.

டாரத்தியா பேட் என்று பெயர். 1878-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. காடு மேடுகளில் சுற்றிப் பறவைகளையும் பூச்சிகளையும் கவனித்துத் தாமாகக் கற்றுக்கொண்டதுதான். 1898-இல், பத்தொன்பது வயதுப் பெண்ணாக, லண்டன் தென் கென்ஸிங்டனில் உள்ள பெரிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலைக்குப் போய், "எனக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்டார். சிபாரிசுக் கடிதம் இல்லை, பட்டம் இல்லை. பெண்களுக்கு விஞ்ஞான உத்தியோகமே இல்லாத இடம் அது. என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ, பறவைப் பிரிவில் பறவைத் தோல்களைத் தரம் பிரித்து வைக்கும் வேலையில் உட்கார்ந்துவிட்டார். சம்பளம் மாசச் சம்பளம் அல்ல. பிற்காலத்தில் எத்தனை எலும்பைச் சுத்தம் செய்து தயார் பண்ணினாரோ அத்தனைக்குக் கூலி. இட்லிக்கு மாவரைத்துக் கொடுப்பவளுக்குப் படிக் கணக்கில் கொடுக்கிற மாதிரி. நிரந்தர உத்தியோகம் என்று இல்லாமலே வருஷக் கணக்கில் உழைத்தார். அந்தக் கட்டடத்தோடு அவருக்கு இருந்த பந்தம் சுமார் ஐம்பது வருஷம்.

உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாரா? அதுவும் இல்லை. 1901-இல் சைப்ரஸ் தீவுக்குப் போய்க் குகைகளில் தோண்டி, குட்டை யானையின் எலும்பையும் குட்டை நீர்யானையின் எலும்பையும் எடுத்தார். 1904-இல் கிரீட் தீவு. அப்புறம் 1909-இல், மயோர்க்காவில் எலும்பு கிடக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று பாதிரியார் ஒருவர் தகவல் எழுதவே, கப்பலேறி வந்தார். கிழக்குக் கடற்கரையில் குகை குகையாக நுழைந்து, கல்லோடு கல்லாக இறுகிப் போயிருந்த இந்த எலும்புகளைப் பெயர்த்தெடுத்தார். அதே வருஷம், இது உலகத்துக்குத் தெரியாத புதுப் பிராணி என்று எழுதிப் பிரசுரம் செய்தார். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்தொன்று வயது. இப்போது என் பெண்ணுக்கு ஆகிற வயது.

இதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் பிராணி நூல் படித்தவள்தான். தவளை அறுப்பதற்கென்று ஒரு தகரப் பெட்டி வாங்கித் தந்தார்கள். கத்தரி, கத்தி, ஊசி, சிமிட்டா எல்லாம் அதில் இருக்கும். வகுப்பிலேயே கை நடுங்காமல் தவளையின் நரம்பைப் பிரித்து வைத்தவள் நான் ஒருத்திதான் என்று டீச்சர் சொன்னாள். வெளியூர்க் கல்லூரியில் பிராணி நூலுக்கே இடமும் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். "நம் வீட்டில் இல்லாத பத்திரமா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவோ அதட்டவோ இல்லை, அன்பாகத்தான் சொன்னார். மறு வருஷம் கல்யாணம். தகரப் பெட்டி என்னோடு புக்ககம் வந்தது. கத்தரி விளக்குத் திரி கத்தரிக்கவும், சிமிட்டா குழந்தைகள் காலில் முள் எடுக்கவும் உபயோகப்பட்டன. பேட் அம்மாள் வேலை கேட்டுப் போனபோது அவருக்குப் பத்தொன்பது. எனக்கு அப்போது பதினெட்டு.

சரி, ஆட்டுக்கு வருவோம். நடுக்கடல் தீவுக்கு ஆடு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். நீந்தி வரவில்லையாம். சுமார் அறுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஜிப்ரால்டர் வாசல் மூடிக்கொண்டு, மத்தியதரைக் கடலே வற்றிப் போயிற்று. உப்பும் சேறுமாகக் கிடந்த கடலடியில் நடந்து வந்தன இதன் மூதாதைகள். பிறகு, 53 லட்சம் வருஷத்துக்கு முன், அந்த வாசல் உடைத்துக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரம் உள்ளே பாய்ந்தது. மலைகளாக இருந்தவை தீவுகளாயின. வந்த ஆடுகள் வந்தபடியே நின்றுவிட்டன.

அகப்பட்டுக்கொண்டன என்று சொல்வதா, காப்பாற்றப்பட்டன என்று சொல்வதா? அந்தத் தீவுகளில் புலி இல்லை, ஓநாய் இல்லை, நரிகூட இல்லை. தரையில் இருந்த பாலூட்டிப் பிராணிகளே மொத்தம் மூன்று வகை: இந்த ஆடு, பெரிய சுண்டெலி மாதிரி ஒன்று, மூஞ்சூறு ஒன்று. வானத்திலிருந்து கழுகு குட்டியைத் தூக்கினால் உண்டு. மற்றபடி பயம் என்பதே கிடையாது. அதே சமயம் சாப்பாடும் அளவுதான். ஐம்பது லட்சம் வருஷத்துக்கு மேல் அப்படியே வாழ்ந்தால் உடம்பு என்ன செய்யும்? வேண்டாத செலவையெல்லாம் குறைக்கும். மாசக் கடைசியில் நாம் குறைப்பதுபோல. ஓட வேண்டாம், ஆகவே கால் குட்டையாயிற்று. கணுக்கால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. துள்ள முடியாது, நிதானமாக நடக்கலாம். பின்னால் பார்க்க வேண்டாம், ஆகவே கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தன. மூளையும் வீண் செலவுதானே? மைக்கே கோலர் என்ற பெண் விஞ்ஞானியும் சால்வதோர் மோயா-சோலா என்பவரும் 2004-இல் அளந்து எழுதினார்கள்: இதே அளவு உடம்புள்ள மற்ற ஆட்டு மாட்டு இனங்களுக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதி மூளைதான் இதற்கு. கண்ணும் சிறுத்துவிட்டதாம்.

2009-இல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். இதன் எலும்பை மெல்லியதாகச் சீவிப் பார்த்தால் மர வளையம்போல் வளையங்கள் தெரிகின்றன, முதலை எலும்பில் இருப்பதுபோல. தீனி கிடைக்கும் காலத்தில் வளர்ந்து, கிடைக்காத காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி வைத்து, முழு வளர்த்தி பெறச் சுமார் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதாம். பிற்பாடு 2012-இல், வளையம் என்னவோ அசைபோடுகிற எல்லாப் பிராணிகளின் எலும்பிலும் இருக்கத்தான் செய்கிறது என்று கோலர் அம்மாளே எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொள்கிற அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. மாமியார் மருமகள்களில் அதைப் பார்ப்பது அரிது.

என்ன தின்றது என்பதும் தெரியும். வட பக்கத்துக் குகை ஒன்றில் காய்ந்து கிடந்த இதன் புழுக்கைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாக்ஸ் என்ற புதர்மரத்தின் மகரந்தம். சீப்பும் சதுரங்கக் காயும் கடைகிற கெட்டி மரம் அது. இலை விஷம், நம் ஆடு மாடுகள் தின்றால் பிழைக்காது. இது தின்று ஜீரணித்திருக்கிறது. ஆக, அசட்டுப் பிராணி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

பிறகு மனுஷர் வந்தார்கள். சுமார் 4,500 வருஷத்துக்கு முன். படகில் ஆடு, செம்மறி, நாய் எல்லாம் கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்த அடையாளம் தொடங்குவதும், இந்த ஆட்டின் எலும்பு கடைசியாகக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒரே காலம். கொன்று தின்றார்களா, நாய் துரத்திற்றா, கொண்டு வந்த ஆடுகளிடமிருந்து நோய் ஒட்டிற்றா? நேரில் பிடித்த சாட்சி கிடையாது. பாக்ஸ் மரமும் அப்போது குறைந்துகொண்டு வந்ததாம். அந்தச் சுண்டெலியும் மூஞ்சூறும்கூடப் போய்விட்டன. மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரு காலத்தில், மனுஷர்கள் இவற்றைப் பட்டியில் அடைத்து வளர்த்தார்கள் என்று ஒரு கட்சி இருந்தது. வில்லியம் வால்ட்ரென் என்ற அமெரிக்கர், ஓவியராக இந்தத் தீவுக்கு வந்தவர், ஸோயெருக்கு அருகே மூலெட்டா என்ற குகையில் குவியல் குவியலாக இந்த எலும்புகளைத் தோண்டி எடுத்தார். கொம்புகளில் வெட்டினாற்போல் தழும்பு இருக்கவே, வளர்த்தவர்கள் கொம்பைச் சீவியிருக்கிறார்கள் என்று கருதினார்கள். இப்போது அந்தத் தழும்பெல்லாம் இந்த ஆடுகளே கடித்தது என்கிறார்கள். உடம்பில் சத்துக் குறைந்தால் ஆடு எலும்பைக் கடிக்குமாம். கர்ப்பிணிகள் சாம்பலும் விபூதியும் தின்ன ஆசைப்படுவதில்லையா, அதைப்போல.

இவ்வளவையும் அவள் சொல்லி முடித்ததும்தான் சண்டை ஆரம்பமாயிற்று. ஆரம்பித்தவள் நான்.

"பார்த்தாயா?" என்றேன். "பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் நேரேயே பார்த்துக்கொண்டு நின்றால் இப்படித்தான். படகில் வந்தவனையும் இது சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதாளத்தில் இறங்குகிறாயே, உனக்கும் அதுதான். பயம் இல்லை என்பது பெரிய பெருமையோ?"

"பயம் இல்லாமல் எங்கிருந்து வந்தது அம்மா அதற்கு?" என்றாள். "ஒரு கஷ்டமும் வராமல் தீவு காப்பாற்றிற்று. ஓடத் தெரியவில்லை, ஒளியத் தெரியவில்லை, மூளைகூட வேண்டாம் என்று ஆயிற்று. பத்திரமாக வைத்தாலும் இப்படித்தான் ஆகும். என்னை ஊருக்கு அழைத்துக்கொண்டு போய் அப்படித்தான் வைக்கப் போகிறாயா?"

"பத்திரமாக வைத்துக்கொள்வது தப்பா?"

"தாத்தாவும் அதைத்தானே உன்னிடம் சொன்னார்?"

சட்டென்று வாய் அடைத்துப் போயிற்று எனக்கு. அந்தக் கதையை அவளிடம் நான் அதிகம் சொன்னதில்லை. ஒரு தரமோ இரண்டு தரமோ, முள் எடுக்கும்போது சொல்லியிருப்பேன். அவளும் சொன்ன பிறகு வருத்தப்பட்டாள் போல் இருந்தது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். காவல்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை தெரியாவிட்டாலும் தாயும் பெண்ணும் சண்டை போடுவது எந்தத் தேசத்தாருக்கும் புரியும்.

அவள் சொன்னது முழுக்கச் சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது லட்சம் வருஷம் ஒரு ஜாதி தழைத்திருந்தது என்றால் அதை யார் குறை சொல்ல முடியும்? மனுஷ ஜாதி பூமிக்கு வந்தே அதில் ஒரு சிறு பங்குதான் ஆகிறது. பத்திரமான இடத்தில் பத்திரமாக வாழ்வதும் ஒரு வாழ்வுதான், நான் வாழவில்லையா? அப்பாவை நான் நொந்துகொண்டதும் இல்லை. ஆனால் நான் சொன்னதும் முழுக்கச் சரி இல்லை. பேட் அம்மாளும் தனியாகக் குகைக்குள் இறங்கினவர்தானே? அவர் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் இந்த ஆட்டுக்குப் பெயரே இருந்திராது. அவர் 1951-இல் காலமானார். 1966-இல் இதன் மூதாதை இனம் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். குழந்தை குட்டி இல்லாத அம்மாள். ஓர் ஆட்டு வம்சத்துக்குப் பாட்டி ஆகிவிட்டார்.

வெளியே வந்து ஆரஞ்சு ரசம் குடித்தோம். கோபம் ஆறுவதற்காக அவள் இரண்டு சங்கதிகள் சொன்னாள். ஒன்று, இந்த ஆட்டின் எலும்பிலிருந்து வம்சக் குறிப்பைப் படித்து 2019-இல் எழுதியிருக்கிறார்களாம்: உயிரோடு இருப்பவற்றில் இதற்கு மிகவும் நெருங்கிய உறவு டாக்கின் என்ற பிராணி. எங்கே இருக்கிறது தெரியுமா? நம் இமயமலையில், அருணாசலத்திலும் பூட்டானிலும். பூட்டானுக்கு அதுதான் தேசீயப் பிராணி. எழுபது லட்சம் வருஷத்துக்கு முன் பங்காளிகள் பிரிந்தார்களாம், ஒருத்தன் இமயமலைக்கும் ஒருத்தன் மத்தியதரைக் கடலுக்குமாக. தாயாதி உறவு விட்டுப் போனால் இப்படித்தான். கல்யாணம் கார்த்திகைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

இன்னொன்று, இதே தீவில் இருந்த ஒரு சின்னத் தேரை. 1977-இல் பழைய எலும்பைக் கண்டெடுத்து, பூண்டற்றுப் போனது என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள், ஆள் இறங்க முடியாத மலை இடுக்கு ஒன்றில், தண்ணீரில் அது உயிரோடு உட்கார்ந்திருந்தது! முட்டையைப் பெண் இட்டதும் ஆண் தேரை அதைத் தன் பின்னங்கால்களில் மாலைபோல் சுற்றிக்கொண்டு, பொரிக்கும் வரை சுமந்துகொண்டு திரியுமாம். "யார் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள் அதை?" என்று கேட்டேன். "கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான்" என்றாள், சிரிக்காமல். என் வீட்டு ஐயா சாம்பார்ப் பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பார்ஸிலோனா திரும்பினோம். மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு மேஜையைத் தூசு தட்டினேன். எலும்பைச் சுத்தம் செய்கிற சாமான்கள் ஒரு துணியில் வரிசையாக இருந்தன: தூரிகை, ஊசி, பல் வைத்தியர் வைத்திருக்கிற மாதிரி கொக்கி. கடைசியில் ஒரு சிமிட்டா. நுனியில் லேசாக வளைந்தது, பிடியில் ஆணியால் கீறிய என் பெயரின் முதல் எழுத்து. நாலு வருஷமாக நான் அதைத் தேடாத இடம் இல்லை. வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்; அவள் அதற்கு அழுதிருக்கிறாள். ஊர் போனதும் முதல் காரியமாக அவளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

"கேட்டால் தர மாட்டாயா என்ன? கேட்க வெட்கமாக இருந்தது" என்றாள் சாயங்காலம் வந்து. "இதைவிட மெல்லிசாக எந்தச் சிமிட்டாவும் பிடிப்பதில்லை."

ஜாதகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அது கைப்பையில் இருந்தது. அவள் தானாகப் பார்த்துவிட்டாள். பையன் படித்திருக்கிறான், பார்க்க லட்சணமாகவும் இருக்கிறான் என்று ஒத்துக்கொண்டாள். "குகையில் ஐந்து மாச வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வந்து பேசுகிறேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவருக்கு டெலிபோனில் இதைச் சொன்னபோது, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவள் கயிற்றை எடுத்துவரச் சொன்னேன். எத்தனை வருஷத்துக் கயிறு, எத்தனை பாரம் தாங்கும், பாறையில் எங்கே உராயும் என்றெல்லாம் கேட்டேன். முழுக் கயிற்றையும் கூடத்தில் விரித்துப் போட்டு, ஒரு நுனியை அவள் பிடித்துக்கொள்ள, மறு நுனியிலிருந்து நான் விரலால் தடவிக்கொண்டே வந்தேன், எங்காவது நைந்திருக்கிறதா என்று. ஓர் இடத்தில் லேசாகப் பிசிறு இருந்தது. அந்தக் கயிற்றை நான் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு பேருமாகக் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்தோம்.